ஆறு பத்திரிகை கட்டிய மாடி

அத்தியாயம் 11

சாந்தா அக்கா குறை சொல்லாமல் சாப்பிட்டாள். அதிலேயே ஏதோ சரியில்லை என்று அழகேசனுக்குத் தெரிந்துவிட்டது.

சாதாரணமாக அக்கா திருமானூரிலிருந்து அரியலூரில் தம்பி வீட்டுக்கு வந்தால் ரசத்தில் புளி தூக்கல் என்பாள். அப்பளம் நமுத்துப்போச்சு என்பாள். தம்பி மனைவி மலர்க்கொடியும் “அண்ணி சொன்னா சரிதான்” என்று தலையாட்டிவிட்டு, அடுத்த தடவையும் அதே அளவு புளியைத்தான் கரைப்பாள். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் பாசம் அப்படித்தான் பரிமாறப்பட்டு வந்தது.

இன்று கத்தரிக்காய்க் கூட்டில் உப்பே இல்லை. அக்கா அதை இரண்டாம் தடவையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“விசாரணை நாளைக்குத்தானே அண்ணி?” என்று மலர்க்கொடி மெல்லக் கேட்டாள்.

“ஆமா மலரு. பதினோரு மணிக்குப் பெரம்பலூர்ல.”

“அத முடிச்சுட்டு இந்தப் பத்திரிகைக்காரங்க கூட்டத்துக்கெல்லாம் வரலாம்ல? இன்னிக்கே பேசணுமா?”

“நோட்டீஸ்ல என் போட்டோ போட்டிருக்காங்கம்மா. வரலைன்னா தப்பு செஞ்சவ ஒளிஞ்சுக்கிட்டான்னு ஆயிடும்.” அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். “நன்றியுரை நீதானேடா? எழுதி வச்சிருக்கியா?”

“அதுல என்னக்கா இருக்கு. மைக் செட்டு, டீ, பிஸ்கட்டு. மனப்பாடம்தான்.”

“ம்” என்றாள் அக்கா. இருபத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியாராகவும் பன்னிரண்டு வருடம் பட்டிமன்றப் பேச்சாளராகவும் இருக்கிறவள் ஒரே ஒரு ‘ம்’ மட்டும் சொன்னால், மீதியை எங்கேயோ சேர்த்து வைக்கிறாள் என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முந்தைய ஆடி வெள்ளியன்று, பத்தாவது படிக்கும் பூவிழி என்ற பெண் திருமானூரில் சாந்தாவின் வகுப்பில் மயங்கி விழுந்தாள். பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டி விரதம் இருந்தவள், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாந்தா அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கன்னத்தில் தட்டி எழுப்பப் பார்த்தாள். முடியாமல், கரும்பு டிராக்டர் ஒன்றை மறித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கன்னத்தில் தட்டியதை மட்டும் ஜன்னல் வழியே யாரோ பார்த்தார்கள். அது பஸ் ஏறி அரியலூர் வந்து சேர்வதற்குள் தட்டு அடியாகி, அடி பிரம்பாகிவிட்டது.

மறுநாள் ஆறு பத்திரிகைகளில் செய்தி வந்தது. ‘மாடி வகுப்பறையில் மாணவியைப் பிரம்பால் விளாசிய ஆசிரியை.’ நாலாம் நாள் சாந்தா கையில் மெமோ.

பூவிழியின் அம்மா காத்தாயி களையெடுப்பை விட்டுவிட்டுப் பெரம்பலூர் போய், டீச்சர் அடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். விசாரணை அதிகாரி, “ஏம்மா, ஆறு பத்திரிகை ஒரே மாதிரி எழுதியிருக்கு. ஆறு பேருமா பொய் சொல்வாங்க?” என்று கேட்டாராம். காத்தாயி களையெடுப்புக்கே திரும்பிவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அழகேசனிடம் இருந்தது. அந்த ஆறில் ஒன்று ‘தினத்தூதன்’. அதன் அரியலூர்ப் பகுதிநேர நிருபர் அவன்தான்.

“திருச்சி ஆபீஸ் டெஸ்க்ல அவங்களே போட்டுட்டாங்கக்கா. என்னைக் கேக்கவே இல்ல” என்று அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டான். அக்காவும் அன்றைக்கு ஒரு ‘ம்’ சொன்னாள்.

கை கழுவும் சாக்கில் அவன் பின்கட்டுக்குப் போனான். மலர்க்கொடி எச்சில் தட்டோடு பின்னாலேயே வந்தாள்.

“சொல்லிடுங்க.”

“எதை?”

“நாம எங்கம்மா வூட்டுல இருந்தோம்ல அன்னிக்கு. எங்கண்ணன் புள்ளைக்குக் காது குத்து. நீங்க பழனிவேல் அண்ணனுக்குப் போன் போட்டு, ‘என் கவரையும் சேத்துப் போட்டுடுங்கண்ணே’ன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“மெதுவாப் பேசு.”

“கறிச் சோறு தின்னுட்டு முந்திரி மரத்தடியில நீங்க தூங்குனீங்க. நீங்க தூங்கையில உங்க பேருல அண்ணியப் பத்தி சேதி போயிருக்கு. அதச் சொல்லுங்கன்றேன்.”

“சொன்னா வேலை போயிடும் மலரு.”

“அந்தப் பேப்பரு ஒங்கள வேலையில வச்சிருக்கறதா நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?” என்றாள் மலர்க்கொடி. “பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க இருக்குற நம்ம எஸ்டிடி பூத்துலதான் சோறு. அதையும் நான்தான் பாக்கறேன்.”

உண்மைதான். ஆனாலும் ‘ரிப்போர்ட்டர்’ என்று சொன்னால் டீக்கடையில் பெஞ்சு காலியாகும். ஸ்டேஷனில் ‘உக்காருங்க சார்’ என்பார்கள். முப்பத்தெட்டு வயதில், அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரித் தூசியில், ஒரு மனிதனுக்கு ‘சார்’ என்று கேட்பது எவ்வளவு குளிர்ச்சி என்பது மலர்க்கொடிக்குத் தெரியாது. அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதுவும் போக, அந்த ஆறு பத்திரிகைகளின் நிருபர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. முறை வைத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு ஒருவர் செய்தி சேகரிப்பார். ஐந்து கார்பன் தாளை வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் கல்வெட்டு செதுக்குவதுபோல் அழுத்தி எழுதுவார். ஆறு காப்பி. ஆறு பேரும் தங்கள் முத்திரை குத்திய கவர்களை அவர்களில் ஒருவரான பழனிவேலிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார்கள். மாலை ஐந்தே முக்கால் திருச்சி பஸ் கண்டக்டரிடம் ஆறு கவரும் போகும். மற்ற ஐந்து பேர் அன்று வயல் வேலை, எல்ஐசி வேலை, கல்யாணம், கருமாதி எல்லாம் பார்க்கலாம். எழுதியவர் போனாரா, பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாளைக்குத் தன்னையும் கேட்பார்கள்.

எட்டு வருடமாக ஒரு குறையும் வந்ததில்லை. குறை வந்திருந்தாலும் ஆறு பத்திரிகையிலும் ஒரே மாதிரி வந்திருக்கும் என்பதால் குறை என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

செய்தியாளர் சங்கத்தின் ஆண்டு விழா லாரி உரிமையாளர்களின் கூட்ட அரங்கில். மூன்று மணிக்கே ஃபேன் காற்றெல்லாம் சூடாகிவிட்டது. வாசலில் சங்கச் செயலாளர் பழனிவேல் அழகேசனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“யோவ், ஒங்கக்கா நெசமாவே வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்கண்ணே. கூட்டுகூட ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க.”

“அதுக்கென்ன?”

“ஒங்களுக்குப் புரியாதுண்ணே.”

ரெண்டு மாதத்துக்கு முன்னால் சிறப்புரைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, “எங்கக்கா பேசுனா மைக்கே கைதட்டும்” என்று சொன்னவன் அழகேசன்தான். மெமோ வந்த பிறகு அவளாகவே விலகிக்கொள்வாள் என்று பழனிவேல் காத்திருந்தார். கூப்பிட்டவர்களே வராதே என்று சொல்ல முடியாதே.

“நன்றியுரைய ரெண்டே நிமிஷத்துல முடி. அவங்க எதாச்சும் பேசினாலும் நீ வாயத் தொறக்காத” என்றார் பழனிவேல். பிறகு குரலைத் தணித்தார். “நான் வேணும்னா எழுதினேன் அழகேசா? டவுன் பஸ் கண்டக்டர் சொன்னான். யாரோ டீச்சர்னான். ஒங்கக்கான்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பனா?”

“பேரு போட்டிருந்ததேண்ணே.”

“பேரு எழுதி முடிச்சப்புறம் சாயங்காலம் போன்ல கேட்டு வாங்கினது. அதுக்குள்ள அஞ்சரை ஆயிடுச்சு. பஸ் போயிடும். ஒனக்கு மஞ்சக்காமால வந்து படுத்தப்ப ரெண்டு மாசம் ஒன் கவர யாருய்யா போட்டது? ஒரு நாளாச்சும் விட்டனா?”

விட்டதில்லை. அந்த ரெண்டு மாதமும் அழகேசன் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, ‘தினத்தூத’னில் தன் செய்திகளைத் தானே வாசகனாகப் படித்துத் தெரிந்துகொண்டான். அதனால்தான் பழனிவேல் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஒரு பக்கம் அக்கா. இன்னொரு பக்கம் தன் பெயரைச் சாகவிடாமல் காப்பாற்றிய மனிதர். நடுவில் அவன், கடைசிக் கார்பன் காப்பி மாதிரி மங்கலாக நின்றான்.

போதாக்குறைக்கு இன்று செய்தி எழுதும் முறையும் அவனுடையது.

முன்வரிசையில் ஆறு நாற்காலி. ஆறு பேரும் அடுத்தடுத்து. அழகேசனின் மடியில் கார்பன் வைத்த நோட்டு. இடப்பக்கம் பழனிவேல், வலப்பக்கம் முத்தமிழ்செல்வன், முன்னால் மேடை, பின்னால் டவுன் பிரமுகர்களும் வியாபாரிகளும் லாரிக்காரர்களுமாக எண்பது பேர். எழுந்து ஓட வழியில்லாத இடத்தில் தன்னைத் தானே உட்காரவைத்துக்கொள்வதில் அழகேசனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு திறமை உண்டு.

அக்கா எழுந்தாள். மைக்கின் கழுத்தை ஒரு சாண் இறக்கினாள்.

“மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பொதுமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அன்புக்குரிய ஆறு கட்டட மேஸ்திரிகளே.”

சபை சிரித்தது. முன்வரிசையும் சிரித்தது. அழகேசன் சிரிக்கவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து துறையூர் வரைக்கும் பட்டிமன்றங்களுக்கு அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். அக்காவின் பிடிகள் எல்லாம் தெரியும். முதலில் புகழ்வாள். ஆளை உயரத் தூக்குவது கீழே போடத்தான்.

“பத்திரிகையாளர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.”

முத்தமிழ்செல்வன் கைதட்டினான்.

“எங்கள் பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். மழை வந்தால் பிள்ளைகள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் பாடம் கேட்கும். ஒரு மாடி கட்டிக் கொடுங்கள் என்று பதினோரு வருடமாக மனுப் போட்டோம். பார்க்கிறேன் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்தேன். மாடி கட்டி முடித்திருந்தது.”

பின்வரிசையில் யாரோ “ஓ” என்றார்கள்.

“செங்கல் இல்லை. ஜல்லி இல்லை. அரியலூரில் சிமெண்டுக்கா பஞ்சம்? ஆனாலும் ஒரு மூட்டை எடுக்கவில்லை. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை. ஒரே ராத்திரி. ஆறு பத்திரிகை. ஆறிலும் அதே மாடி. அந்த மாடியில் ஒரு வகுப்பறை. அந்த வகுப்பறையில் என்னை நிற்கவைத்து, கையில் ஒரு பிரம்பையும் கொடுத்திருந்தீர்கள். இவ்வளவு செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா?”

லாரிக்காரர்கள் பக்கம் கைதட்டல் வெடித்தது. முத்தமிழ்செல்வனின் கை பாதியில் நின்று, வேட்டி மடிப்பைச் சரிசெய்யப் போய்விட்டது.

அடுத்தது கேள்வி என்று அழகேசன் நினைத்தான். கேள்விதான் வந்தது.

“பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்களா?” அக்கா வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். “வரவேண்டாம். திருமானூர் தூரம். வெயில் வேறு. தலைமையாசிரியரைக் கேட்டீர்களா? வேண்டாம், அவருக்கு ஏதாவது மீட்டிங் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்தீர்களா? வேண்டாம், ஆஸ்பத்திரி வாடை உங்களுக்கு ஆகாது. அவள் அம்மாவை? வேண்டாம், அவள் வயலில் இருந்தாள், உங்கள் செருப்பில் சேறு ஒட்டும். என்னை? சரி, என்னையும் வேண்டாம். மாடிப்படியை? எத்தனை படி என்றாவது எண்ணினீர்களா?”

கேள்வியையும் கேட்டு, அதற்குச் சாக்கையும் அக்காவே எடுத்துக் கொடுப்பாள். அதுதான் கொடுமை. எதிராளியின் கையில் இருக்கும் சாக்கெல்லாம் தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பாள். படி வந்தபோது முன்வரிசையில் ஒருவரிடமும் மிச்சமில்லை. பழனிவேல் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“நான் இருபத்திரண்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். சரியான விடை ஆறு தாளில் ஒரே மாதிரி இருந்தால் சந்தோஷப்படுவேன். தப்பான விடை ஆறு தாளில் ஒரே மாதிரி இருந்தால், தாளை மூடி வைத்துவிட்டு, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்ப்பேன்.”

எண்பது பேரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். ஆறு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் நாற்காலியை நகர்த்த முயன்றார். சிமெண்டுத் தரையில் அது கிறீச்சிட்டது. சபை மறுபடியும் சிரித்தது.

“இப்போதுகூடப் பாருங்கள். ஆறு பத்திரிகையின் நிருபர்கள் இருக்கிறார்கள். ஒருவர்தான் எழுதுகிறார். மற்ற ஐந்து பேருக்கும் பேனா கொண்டுவர மறந்துவிட்டதா?”

அழகேசனின் பேனா நின்றது. தொடர்ந்து எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். பேனாவை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கையில் பாம்பைப் பிடித்தவன் மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது அக்கா குரலைத் தாழ்த்தினாள். அழகேசனுக்குத் தெரியும், அவள் கத்தும்வரை பயமில்லை.

“என்னை அடிக்கிறவள் என்று எழுதியதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. நான் நாளைக்கு அந்த விசாரணையில் நின்று பதில் சொல்லிக்கொள்வேன். எனக்கு வாய் இருக்கிறது. பூவிழிக்கு இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. ‘என்னாலதானே டீச்சருக்கு வேலை போகுது’ என்று சொல்லி அவள் அம்மாவோடு களையெடுக்கப் போகிறாள். நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘நீங்க இங்க வந்தது தெரிஞ்சா அதையும் போட்டுடுவாங்க டீச்சர், போயிடுங்க’ என்கிறாள்.”

பின்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

“மறுப்புச் செய்தி கேட்டு நான் வரவில்லை. அது ஏழாம் பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்குக் கீழே வரும். எனக்கு ஒரு ஆள் வேண்டும். நாளைக்குக் காலை பதினோரு மணிக்குப் பெரம்பலூருக்கு வந்து, ‘நாங்கள் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, ஒருவர் எழுதியதை ஆறு பேரும் அனுப்பினோம்’ என்று நேரில் சொல்ல ஒரே ஒரு ஆள். ஆறு பேர் வரவேண்டாம். வந்தால் அதையும் காப்பி என்று சொல்லிவிடுவார்கள்.”

அக்கா தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தாள்.

“இந்த வரிசையில் ஒருவருக்கு எங்கள் பள்ளிக்கூடத்தை நன்றாகத் தெரியும். ஆண்டு விழாவுக்கு ஐந்து முறை வந்து போட்டோ எடுத்திருக்கிறார். போன வருடம் ஓடு மாற்றியபோது ஏணி பிடித்திருக்கிறார். அவர் எழுதியிருந்தால் அந்தச் செய்தியில் மாடி இருந்திருக்காது. ஆகவே, அவர் எழுதவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.” அவள் அழகேசனைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்கும் மேலே, ஜன்னலைப் பார்த்தாள். “அவர் பெயரில் எழுத இன்னொருவரை ஏன் விட்டார் என்பதுதான் தெரியாது. வணக்கம்.”

மூன்று வாரமாக அக்காவுக்குத் தெரியும். டெஸ்க் என்று அவன் புளுகியபோது தெரியும். கூட்டை இரண்டாம் தடவை வாங்கியபோது தெரியும். அழகேசனுக்குக் காதுமடல் சுட்டது.

“நன்றியுரை, பொருளாளர் அழகேசன்” என்று யாரோ அறிவித்தார்கள்.

பழனிவேல் அவன் தொடையை அழுத்தினார். “மைக் செட்டு, டீ, பிஸ்கட்டு. எறங்கிடு.”

மேடைக்கு ஐந்து படி. அழகேசன் எண்ணிக்கொண்டே ஏறினான்.

நன்றியுரையை இந்த உலகத்தில் யாரும் கேட்பதில்லை. அவன் மைக்கைத் தொட்டபோதே பின்வரிசை எழுந்துவிட்டது. செருப்புத் தேடும் சத்தம். டீ கேனைச் சுற்றி ஒரு கூட்டம். மடக்கு நாற்காலிகள் டப்டப்பென்று மடிந்தன. அவனுக்கு ஒரு கணம் நப்பாசை பிறந்தது. இப்போதே, இந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டால் சொன்னது மாதிரியும் ஆகும், யாரும் கேட்காத மாதிரியும் ஆகும். இப்படி ஒரு சௌகரியம் அவன் வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

“அரங்கம் தந்து உதவிய லாரி உரிமையாளர்களுக்கு நன்றி. மைக் செட் அமைத்த சகோதரருக்கு நன்றி. தேநீர் வழங்கிய அன்பருக்கு நன்றி. ‘தினத்தூதன்’ல எங்கக்காவப் பத்தி வந்த செய்தி என் கவர்லதான் போச்சு, நான் எழுதல, நான் பாக்கல, யாரும் அந்த ஸ்கூலுக்குப் போகல. நன்றி.”

நாற்காலி மடிக்கிறவர்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது முன்வரிசை மட்டும்தான். மேடையில் இருந்த அக்காவும் கேட்டாள். ஆனால் அசையவில்லை. அவள் முகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு பார்வை இருந்தது. பதிலை முணுமுணுக்கும் பையனிடம், ‘கடைசி பெஞ்சுக்குக் கேக்கலடா’ என்று சொல்வதற்கு முன் வரும் பார்வை.

அழகேசன் மைக்கின் தலையைத் தட்டினான். டொம் டொம் என்று அரங்கம் அதிர்ந்தது. டீ கேன் பக்கம் திரும்பியவர்கள் டம்ளரோடு நின்றார்கள்.

“ஒரு நிமிஷம் உக்காருங்க. நன்றியுரை இன்னும் முடியல.” மடித்த நாற்காலிகள் சில மறுபடியும் விரிந்தன. “அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடி கெடையாது. நான் ஏணி புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். நாங்க ஆறு பேரும் முறை வச்சு எழுதறோம். ஒருத்தர் எழுதினா மத்த அஞ்சு பேரும் அதப் படிக்காமயே அனுப்புவோம். அன்னிக்கு நான் மாமியா வூட்டுல தூங்கிட்டு இருந்தேன். எழுதினவர் யாருன்னு சொல்ல மாட்டேன். எனக்காகவும்தான் எழுதினாரு. அனுப்பச் சொன்னது நான். நாளைக்குப் பெரம்பலூருக்கு நான் வரேன்க்கா.”

ஒருவர்கூடக் கைதட்டவில்லை. லாரிக்காரர் ஒருவர் மட்டும் டீயை உறிஞ்சிவிட்டு, “அடப்பாவிகளா, அப்ப போன மாசம் என் லாரி கவுந்துச்சுன்னு போட்டதும் இப்படித்தானா? அது ஷெட்டுல நின்னுச்சுய்யா” என்றார்.

கீழே இறங்கியபோது பழனிவேல் வழியில் நின்றார். முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

“எட்டு வருஷம் அழகேசா.”

“தெரியும்ணே.”

“ஒருத்தன் தனியா செய்தி சேத்து, மாடு கன்னையும் பாத்துப் பொழைக்க முடியுமா? அதுக்குத்தானே அந்த முறையே.” அவர் பையைத் தோளில் மாட்டினார். “நீ பேரச் சொல்லாட்டியும் சின்னப் புள்ளகூடக் கண்டுபுடிச்சிடும். நான் என் வழியப் பாத்துக்கறேன். நீ ஒன் வழியப் பாரு.”

“இன்னிக்கு என் முறைண்ணே. நான் என் கவருக்கு மட்டும் எழுதிக்கறேன்.”

பழனிவேல் சட்டைப் பையைத் தடவினார். பிறகு முத்தமிழ்செல்வனிடம் திரும்பி, “ஒரு பேனா குடுய்யா” என்றார்.

அக்காவும் தம்பியும் கடைவீதி வழியாக நடந்தார்கள். சிமெண்டு லாரி ஒன்று கடந்தபோது அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பூத்துக்குள் மலர்க்கொடி போன் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள்.

“திருச்சி ஆபீஸ்லேருந்து. இது மூணாந்தடவ. பழனிவேல் அண்ணன் அங்கேருந்தே போன் அடிச்சுட்டாரு போல.”

“என்ன வேணுமாம்?”

“நாளைக்கு நேர்ல வரணுமாம். கார்டு, முத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டு. வந்து, மேடையில பேசினது தப்பு, உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டேன்னு எழுதிக் குடுத்தா பாப்பாங்களாம். இல்லைன்னா வேற ஆள் போடுவாங்களாம்.”

“எத்தன மணிக்கு?”

மலர்க்கொடி அக்காவைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். “பதினோரு மணிக்கு.”

ஒரு பதினோரு மணி பெரம்பலூரில். ஒரு பதினோரு மணி திருச்சியில். கிழக்கே போகிற பஸ் ஒன்றில் ஏறி மாமியார் வீட்டுக்குப் போய் மறுபடியும் தூங்கிவிடலாமா என்றுகூட அழகேசன் யோசித்தான்.

“நீ திருச்சிக்குப் போடா” என்றாள் சாந்தா.

அவன் நிமிர்ந்தான். மேடையில் ஆறு பேரையும் கிழித்துத் தொங்கப் போட்டவளின் குரல் அல்ல அது. காய்ச்சலில் படுத்தவனிடம் பேசும் குரல்.

“இல்லக்கா, நீ பெரம்பலூர்ல...”

“எண்பது பேருக்கு முன்னால சொல்லிட்ட. எனக்கு அது போதும். விசாரணைய நான் பாத்துக்கறேன். ஒனக்கு அந்தக் கார்டு எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியாதா? மொத மொத ஒன் செய்தி வந்தப்ப ஊர் பூரா காட்டினவ நான்தானே. போ. எழுதிக் குடுத்துட்டு வா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவள் திட்டியிருந்தால் திருச்சிக்குப் போயிருப்பான். அதுதான் நிஜம். திட்டு வாங்கினால் அவனுக்குக் கொஞ்சம் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் தப்பு செய்யச் சுலபமாக இருக்கும். நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி அக்கா கதவைத் திறந்துவிட்டிருந்தாள். திறந்த கதவுக்கு முன்னால்தான் அவனால் அசைய முடியவில்லை.

ரிசீவருக்குள் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடி அதை நீட்டினாள். நீட்டியவள் அவனைப் பார்க்காமல் கல்லாப் பெட்டியைப் பார்த்தாள். பூத்தில் சோறு இருக்கிறது என்று மத்தியானம் அவ்வளவு தைரியமாகச் சொன்னவள்தான்.

அழகேசன் வாங்கிக் காதில் வைத்தான்.

“சார், அரியலூர் அழகேசன். நாளைக்கு என்னால வர முடியாது சார். பெரம்பலூர்ல வேலை இருக்கு.”

“என்னய்யா பெரிய வேலை?”

“ஒரு செய்தி சார். இந்தத் தடவ நேர்ல போயி நிக்கணும்.”

லைன் துண்டிக்கப்படும் என்று அவன் காத்திருந்தான். துண்டிக்கப்படவில்லை. தூரத்தில் நாற்காலி நகரும் சத்தமும், யாரோ யாரிடமோ தணிந்த குரலில் விஷயத்தை விளக்கும் சத்தமும் கேட்டன. அவன் பெயர் இரண்டு முறை அடிபட்டது. சாந்தாவின் பெயர் ஒரு முறை.

பிறகு அதே ஆள் வந்தார். குரலில் இருந்த அதட்டல் போய், ஜாக்கிரதை வந்திருந்தது.

“லைன்லேயே இருய்யா. வெச்சுடாத. நம்ம பேப்பர் ஆசிரியரே ஒங்கிட்ட பேசணுமாம்.”

மலர்க்கொடி ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். அழகேசன் உட்காராமல் நின்றுகொண்டே காத்திருந்தான்.